கோடவுன் முக்குக்கு வந்த பாதுகாப்பு

வாசகர்கள் எல்லாருக்கும் வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? வீட்டில் பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாருக்கும் உடம்பு சுகம்தானே? கை கால் நன்றாக இருக்கிறதா? முக்கியமாகக் கை. எதற்காகக் கேட்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

நாகரிகங்கள் எல்லாம் ஆற்றங்கரைகளில் தோன்றியவை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தோன்றியது என்னவோ அங்கேதான். வளர்ந்து, முதிர்ந்து, ஹாரன் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்த இடம் திண்டுக்கல் கோடவுன் முக்கு. தாடிக்கொம்பு ரோடும், பஸ் ஸ்டாண்ட் ரோடும், பூ மார்க்கெட் ரோடும், பள்ளிக்கூட ரோடும் அங்கேதான் சந்திக்கின்றன. சந்திக்கின்றன என்பது மரியாதைக்குச் சொல்வது.

அந்த முக்கில் சகாயசெல்வி தையல் கடை வைத்திருந்தாள். ஜாக்கெட் தைத்துக்கொண்டே நிமிர்ந்தால் நான்கு ரோடும் தெரியும். மிஷினுக்கு எண்ணெய் விடுகிற நேரத்துக்குள் இரண்டு சண்டை, ஒரு சமாதானம் பார்த்துவிடலாம். போன வருஷம் ஒரு பைக்கின் கண்ணாடி அவளுடைய கைப்பையில் மாட்டி, டிரான்ஸ்பார்மர் வரைக்கும் அவளை இழுத்துக்கொண்டு போனது. பைக் ஓட்டியவர் நல்ல மனிதர். நின்று, பையைக் கழற்றிக் கொடுத்து, "பையை ஒழுங்காப் பிடிக்க மாட்டியாக்கா?" என்று அக்கறையோடு கேட்டுவிட்டுத்தான் போனார்.

அன்றிலிருந்து பதினோராம் வகுப்புப் படிக்கிற தன் மகள் பிரிஸ்கில்லாவைச் சகாயசெல்வி தனியாக ரோட்டைக் கடக்க விடுவதில்லை. இடது கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். வலது கையை உள்ளங்கை தெரிய நீட்டிவிட்டு இறங்கிவிடுவாள். நம் பக்கத்தில் ரோட்டைக் கடக்க இது ஒன்றுதான் முறை. வண்டிக்காரரின் பிரேக்கை நம்பி இறங்குவதில்லை. அவரை அவருடைய அம்மா வளர்த்திருப்பார் என்று நம்பி இறங்குவது.

பிரிஸ்கில்லாவுக்கு இதில் மானம் போயிற்று.

"என் கிளாஸ்ல என்னைய எல்.கே.ஜி.ங்கறாளுக. நேத்து ஒருத்தி, பால் பாட்டில் எங்கடின்னு கேக்குறா."

"கேக்கட்டும். வாய்தானே போகுது அவளுக்கு."

"அப்ப சைக்கிள எதுக்கும்மா வீட்டுல வச்சிருக்க? ஸ்கூல்ல குடுத்ததுலருந்து சுத்துன பிளாஸ்டிக்கைக் கூடப் பிரிக்கல. மாலை போட்டு வத்தி கொளுத்திருவமா?"

"முக்கு சரியாகட்டும்டி. சரியான அன்னைக்கே ஓட்டு. அம்மா சொன்னா மாறமாட்டேன்."

இந்த வாக்குறுதியைக் கொடுத்த அதே வாரத்தில், யார் செய்த புண்ணியமோ, "கோடவுன் சந்திப்பு உயிர் காக்கும் உன்னதப் பேரவை" பிறந்தது.

தலைவர் ஞானராஜ். முக்கில் பர்னிச்சர் கடை வைத்திருப்பவர். பேரவைக் கூட்டங்கள் அவருடைய கடையில், விற்காத சோபாக்களின் மேல் நடந்தன. சோபாக்களுக்குப் பிளாஸ்டிக் உறை கழற்றவில்லை. ஆகவே யார் ஒரு கருத்துச் சொல்ல அசைந்தாலும் கிரீச்சென்று ஒரு மறுப்பு முன்கூட்டியே வந்துவிடும். செயலாளர் காமராஜ். அவருக்கு பிளக்ஸ் அடிக்கிற கடை. உறுப்பினர்களில் பஞ்சர் கடை தப்ரேஸும் உண்டு. மகளிர் ஒருவராவது இல்லாவிட்டால் போட்டோவில் குறையாகத் தெரியும் என்பதால் சகாயசெல்வியை "மகளிர் பிரதிநிதி" ஆக்கினார்கள். அவள் மகளின் சைக்கிளை நினைத்துச் சம்மதித்தாள்.

முதல் கூட்டத்திலேயே ஒரு மாபெரும் முடிவு எடுக்கப்பட்டது. இடத்தின் பெயரை மாற்றுவது.

"முக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்கற வரைக்கும் அடிபடத்தான் செய்வாங்க. அந்த வார்த்தையிலயே ஒரு முட்டு இருக்கு பாருங்க. சந்திப்புன்னு சொல்லுங்க. எம்புட்டுப் பதவிசா இருக்கு" என்றார் ஞானராஜ்.

"ஆமா தலைவரே. சந்திப்புன்னா நின்னு பேசிட்டுப் போற மாதிரி இருக்கு" என்றார் காமராஜ்.

சகாயசெல்வி மெதுவாகக் கேட்டாள். "சார், தாடிக்கொம்பு ரோட்டுல வர்ற வண்டிதான் கண்ணுமண்ணு தெரியாம வருது. அங்கன ஒரு வேகத்தடை. நடக்கறவுகளுக்கு வெள்ளைக்கோடு. இம்புட்டுதானே வேணும்?"

சோபாக்கள் கிரீச்சிட்டன. ஞானராஜ் ஒரு குழந்தையைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார்.

"ஏம்மா சகாயம், நீ நினைக்கற மாதிரி லேசு இல்ல இது. தாடிக்கொம்பு ரோடு ஒரு துறை. பள்ளிக்கூட ரோடு இன்னொரு துறை. நடுவுல இருக்கு பாரு, அது அவங்க இல்லைங்கறாங்க, இவங்களும் இல்லைங்கறாங்க. தரையில நாம ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"அப்ப?"

"ஆகாயம்" என்றார் காமராஜ். "அதுக்கு எந்தத் துறையும் கிடையாது."

இவ்வாறாக முதல் பிளக்ஸ் எழுந்தது. "உங்கள் உயிர் உங்கள் கையில்" என்று கொட்டை எழுத்து. கீழே பேரவை உறுப்பினர்கள் கைகூப்பி நின்றார்கள். இடப் பற்றாக்குறையால் சகாயசெல்விக்கு அரை முகம்தான் கிடைத்தது. பிளக்ஸ் பெரியது, பார்க்கக் கம்பீரமாக இருந்தது. தாடிக்கொம்பு ரோட்டில் வருகிற வண்டிகளை அது முழுக்க மறைத்தது. இதுவரை வண்டி வருவதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த மக்களுக்கு அந்தப் பயம் அன்றோடு தீர்ந்தது.

"உயிர் கையிலங்கறீங்க. கையில ஹேண்டில்பார்தானே இருக்கு" என்றார் தப்ரேஸ், போர்டை அண்ணாந்து பார்த்தபடி. அவரைப் பேரவை கண்டுகொள்ளவில்லை.

மறைத்ததைச் சரிசெய்ய, எதிர்க் கம்பத்தில் குவிந்த கண்ணாடி ஒன்றை மாட்டினார்கள். அதில் பார்த்தால் மறைவில் வருகிற வண்டி தெரியும் என்பது திட்டம். பார்த்தால் பிளக்ஸ் தெரிந்தது. இரண்டு ஞானராஜ்களுக்குக் கீழே கல்லூரிப் பையன்கள் வண்டியை நிறுத்தித் தலை சீவினார்கள். "பாத்தியா, வண்டி நிக்குது" என்று காமராஜ் பெருமிதப்பட்டார். உண்மைதான். நடு ரோட்டில் நின்றது.

அடுத்தது சைக்கிள்காரர்கள் பிரச்சினை. இதைப் பேரவை ஒரே கூட்டத்தில் தீர்த்துவிட்டது. உலகத்தின் பெரிய நகரங்கள் எல்லாம் சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டுத் தடுமாறிக்கொண்டிருக்க, ஞானராஜ் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"சைக்கிள்ல வர்றவர் இறங்கித் தள்ளிட்டுப் போகணும். தள்ளுனா அவர் யாரு? பாதசாரி. சைக்கிள்காரருக்கு இனிமே ஆபத்தே இல்ல."

"பாதசாரிக்கு சார்?" என்றாள் சகாயசெல்வி.

"பாதசாரி ஆட்டோல ஏறிப் போகணும். ஏறுனா அவர் பயணி. முடிஞ்சுபோச்சா?"

"ஆட்டோவுக்கு?" என்றார் தப்ரேஸ்.

"ஆட்டோவாலதானய்யா மத்தவங்களுக்கு ஆபத்து. அதுக்கு என்ன ஆகப்போகுது."

எல்லாரும் கைதட்டினார்கள். சகாயசெல்வியும் தட்டினாள். தட்டாவிட்டால் சோபா கிரீச்சிடுவது தனியாகக் கேட்கும்.

பிறகு வெள்ளைக்கோடும் வந்தது. நடுப்பகுதி யாருடையதும் இல்லை என்றால் யார் வேண்டுமானாலும் வர்ணம் அடிக்கலாம் என்று ஞானராஜுக்கு ஒரு நாள் காலையில் ஞானம் பிறந்திருந்தது. கோடுகள் பளிச்சென்று இருந்தன. ஒரு முனை டிரான்ஸ்பார்மரில் தொடங்கியது. மறுமுனை ஞானராஜின் பர்னிச்சர் கடை வாசலில் முடிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள் கோட்டின் மேலேயே நடந்தால் ஒரு டைனிங் டேபிள் வாங்காமல் போக முடியாது.

சகாயசெல்விக்குப் பொறுமை போனது. தப்ரேஸிடம் போனாள்.

"தம்பி, உன் கடையில பழைய லாரி டயர் கிடக்குல்ல. நீளமா அறுத்து ரோட்டுக்குக் குறுக்க ஆணியடிச்சு வச்சா என்ன?"

தப்ரேஸ் கொஞ்சம் யோசித்தார். "எனக்கு இதுல என்னக்கா லாபம்?"

"வண்டி மெதுவாப் போனா உன் கடை போர்டு அவங்க கண்ணுல படும்."

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

மறுநாள் விடிவதற்குள் தாடிக்கொம்பு ரோட்டின் குறுக்கே இரண்டு டயர் வார்கள் கிடந்தன. பார்க்க அசிங்கமாக இருந்தன. பெயர் கிடையாது, போட்டோ கிடையாது, திறப்பு விழா கிடையாது. வந்த வண்டிகள் எல்லாம் ஒரு குலுங்கு குலுங்கி, ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, மெதுவாகப் போயின. ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து காய்கறி ஏற்றி வருகிற டிரைவர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, யாருங்க இதைப் போட்டது? நல்லா இருப்பாருங்களா அவரு?" என்று கேட்டுவிட்டுப் போனார். சகாயசெல்வி அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சைக்கிளின் பிளாஸ்டிக்கைப் பிரித்தார்கள். பிரிஸ்கில்லா மணியை அடித்துப் பார்த்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து ஐஸ் வாங்க ஆள் வந்துவிட்டது.

"நாளைக்கு?" என்றாள்.

"திறப்பு விழா முடியட்டும்டி. விழாவுக்கு வர்ற கூட்டம் ஒழியட்டும். மறுநாள் காலையில நீயே ஓட்டிட்டுப் போ. நான் கையக்கூடப் பிடிக்க மாட்டேன்."

ஆம், திறப்பு விழா. "விபத்தில்லாச் சந்திப்பு" என்ற பட்டத்தைச் சூட்டிக்கொள்ளப் பேரவை தயாராகிவிட்டிருந்தது. மேலிடத்திலிருந்து ஒரு விருந்தினர் வருவதாக உறுதியானது. உறுதியானவுடன் ஞானராஜ் முதல் வேலையாக டயர் வார்களைப் பிடுங்கச் சொன்னார்.

"அவரு கார் குலுங்கினா நல்லாவா இருக்கும்? பாதுகாப்பைத் திறந்து வைக்க வர்றவருக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டா ஊரு என்ன சொல்லும்?"

"விழா முடிஞ்சதும் திரும்பப் போட்டுருவமா சார்?"

"விழா முடிஞ்சப்பறம் எதுக்கும்மா? அதான் பாதுகாப்பு வந்துருமே."

விழாவில் மத நல்லிணக்கத்துக்குக் குறை வைக்கவில்லை. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். பள்ளிவாசல் பெரியவர் துஆ செய்தார். கோயில் குருக்கள் கற்பூரம் காட்டினார். விருந்தினர் ரிப்பன் வெட்டி, வேறு ஒரு ஊரைப் பற்றி உணர்ச்சிகரமாகப் பேசிவிட்டுக் குலுங்காமல் போய்ச் சேர்ந்தார். கடைசியில் ஞானராஜ் ஐந்து பூசணிக்காய்களைக் கொண்டுவரச் சொன்னார். ரோட்டுக்கு ஒன்று, பிளக்ஸுக்கு ஒன்று.

"நமக்கு எதுக்கு சார் பூசணிக்காய்?" என்றாள் சகாயசெல்வி. இரண்டு பேரும் ஒரே மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவர்கள் என்ற உரிமையில் கேட்டாள்.

"இது மதம் இல்லம்மா, சம்பிரதாயம். எத்தனை ஊர்க்காரன் கண்ணு இந்தச் சந்திப்பு மேல இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

குங்குமமும் சில்லறையும் அடைத்த ஐந்து காய்களும் நடு ரோட்டில் படார் படாரென்று விழுந்தன. சில்லறையை அங்கே நின்றவர்கள் பொறுக்கிக்கொண்டார்கள். தீர்த்தம் காய்ந்தது. துஆ மேலே போனது. கற்பூரம் கரைந்தது. பூசணிக்காய் மட்டும் ரோட்டோடு தங்கியது.

கூட்டம் கலைந்த பிறகு சகாயசெல்வி கடையிலிருந்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஞானராஜ் பதறிப்போய் ஓடிவந்தார்.

"ஏம்மா, கையை வச்சுராத. சந்திப்போட திருஷ்டி அம்புட்டும் அதுக்குள்ளதான் இருக்கு. தொட்டா உனக்குப் பிடிச்சுக்கும்."

"வழுக்குமே சார்."

"வண்டி ஏறி ஏறித் தன்னால போயிரும். அதான் முறை."

அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மறுநாள் மகள் முதன்முதலாகச் சைக்கிள் எடுக்கப்போகிறாள். இந்த நேரத்தில் எதற்கு வம்பு என்று விளக்குமாற்றைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

காலையில் பிரிஸ்கில்லா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு சைக்கிளோடு வந்து நின்றாள். சகாயசெல்வி சொன்ன சொல் தவறவில்லை. மகளின் கையைப் பிடிக்கவில்லை. தான் மட்டும் நடு ரோட்டுக்கு இறங்கி, பிளக்ஸைத் தாண்டி எட்டிப் பார்த்து, தாடிக்கொம்பு ரோட்டைப் பார்த்து உள்ளங்கையை நீட்டினாள்.

அன்று நடந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பஸ் நின்றது. பூ ஏற்றிய வேன் நின்றது. கல்லூரிப் பையன்கள் நின்றார்கள். எப்போதும் நிற்காத மணல் லாரி ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. கோடவுன் முக்கின் சரித்திரத்தில் முதல் தடவையாக நான்கு பக்கமும் ஒரு பெண்பிள்ளைக்கு வழிவிட்டு நின்றன. பிரிஸ்கில்லா மணியடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு, ராணி மாதிரி வந்தாள். வெள்ளைக்கோட்டில் ஏறினாள். பூசணிக்காயில் ஏறினாள்.

சைக்கிள் ஒரு பக்கம் போனது. அவள் ஒரு பக்கம் போனாள். வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு உடைந்தது.

நான்கு ரோட்டிலும் நின்றிருந்த வண்டிகள் அப்படியே நின்றன. ஒன்றும் அவளைத் தொடவில்லை. சகாயசெல்வி ஓடிவந்து தூக்கியபோது பிரிஸ்கில்லா அழாமல், "ஒரு வண்டியும் என்னைய இடிக்கலம்மா" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

பேரவை அவசரமாகக் கூடியது. சகாயசெல்வி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தாள். அவள் சேலையில் பூசணி விதை ஒட்டிக்கொண்டிருந்தது.

"விபத்துங்கற வார்த்தையை யாரும் பயன்படுத்தக் கூடாது. பட்டம் வாங்கி முழுசா ஒரு நாள் ஆகல" என்று காமராஜ் ஆரம்பித்தார்.

"கை உடைஞ்சிருக்குய்யா" என்றார் தப்ரேஸ்.

"விபத்துன்னா வண்டி இடிக்கணும். எந்த வண்டி இடிச்சுச்சு?"

"பூசணிக்காய்."

"பூசணிக்காய் வண்டியா?"

 பூசணிக்காய்க்கு நம்பர் பிளேட் கிடையாது என்பது தப்ரேஸுக்கே தெரியும்.

ஞானராஜ் எழுந்து வந்து சகாயசெல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, கனிவாகப் பேசினார். "மனசைத் தேத்திக்கம்மா. பெருசா என்னமோ வர இருந்திருக்கு. உன் பிள்ளை கையோட போச்சு. இது விபத்து இல்ல. திருஷ்டி கழிஞ்சிருச்சு. உன் வீட்டுக்கு மட்டும் இல்ல, இந்தச் சந்திப்புக்கே கழிஞ்சிருச்சு."

உறுப்பினர்கள் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு. சட்டம் படித்தவர்களுக்கும் இன்ஜினியர்களுக்கும் தோன்றாதது. ரோட்டில் விழுகிறவன் எல்லாம் அடிபடுகிறவன் இல்லை, ஊருக்காகத் திருஷ்டி கழிக்கிறவன்.

"பிள்ளை போட்டோ ஒண்ணு குடுங்கக்கா. நன்றி தெரிவிச்சு ஒரு பிளக்ஸ் போட்டுருவோம். முழு முகம்" என்றார் காமராஜ்.

சகாயசெல்வி எழுந்தாள். சோபா கிரீச்சிட்டது. இந்தத் தடவை அது அவளுக்கு ஆதரவாகக் கிரீச்சிட்ட மாதிரி இருந்தது.

"சரிங்க சார். கழிஞ்சதா இருக்கட்டும். அடுத்த திருஷ்டி உங்க வீட்டுப் பிள்ளை கையில கழியட்டும். முழு முகம் போட்டு பிளக்ஸ் நான் அடிச்சுத் தாரேன்."

ஒரு சோபாவும் அசையவில்லை.

அவள் இறங்கிப் போய், வாளித் தண்ணீரும் விளக்குமாறுமாக ஐந்து காயையும் கழுவித் தள்ளினாள். தொட்டால் பிடிக்கும் என்றார்களே, ஒன்றும் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டியது ஏற்கனவே பிடித்திருந்தது. டயர் வார்களை எடுத்துவர தப்ரேஸ் போனார். அவை ஞானராஜின் குடோனில், சோபா கால்களுக்கு அடியில் அண்டக்கொடுத்து இருந்தன. தலைவர் சோபாக்கள் விற்றதும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்கு நீங்கள் கோடவுன் முக்குக்குப் போனால் எல்லாம் அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். பிளக்ஸ் இருக்கிறது. கண்ணாடியில் பிளக்ஸ் இருக்கிறது. "விபத்தில்லாச் சந்திப்பு" போர்டு இருக்கிறது. அதற்குப் பிறகு அங்கே விழுந்தவர்கள் உண்டு. ஒரு பால்காரர், ஒரு தபால்காரர், மார்க்கெட்டுக்குப் போன ஒரு புருஷன் பெண்டாட்டி. ஆனால் விபத்து ஒன்றுகூட இல்லை. எல்லாம் கழிந்ததுதான்.

பிரிஸ்கில்லா பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போகிறாள், தனியாக. அவளை இப்போது யாரும் எல்.கே.ஜி. என்பதில்லை. முக்குக்கு வந்ததும் மாவுக்கட்டுப் போட்ட வலது கையை உயரத் தூக்குவாள். கட்டு வெள்ளை வெளேரென்று இருக்கும். அதில் "மெதுவாகச் செல்லவும்" என்று சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதியிருக்கிறாள். பிளக்ஸைத் தாண்டி அந்தக் கை தெரிந்ததும் நான்கு பக்கமும் வண்டிகள் நின்றுவிடுகின்றன. அவள் கடக்கும்வரை காத்திருந்து, நடக்கிறவர்களும் சைக்கிள் தள்ளுகிறவர்களும் அவள் பின்னாலேயே கடந்துவிடுகிறார்கள். பேரவை இத்தனை பாடுபட்டதில் அந்தச் சந்திப்பில் வேலை செய்கிற ஒரே சிக்னல் அதுதான்.

ஒரு சின்னச் சிக்கல். கட்டு அடுத்த மாசம் பிரித்துவிடுவார்கள். அதற்கப்புறம் யாருடைய கையை உடைப்பது என்று பேரவை கூடி யோசித்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் ஊர் முக்கில் யார் கண்ணுக்கு யார் கை கழிந்தது? ஒரு வரியாவது எழுதிப் போடுங்கள். எழுதுகிற கை சுகமாக இருந்தால்.